நீரோட்டமும் வானிலையும் தூண்டிலும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுள் மாதேஸ்வரன் மலைக்குச் சென்று வந்தவர்கள் பலர் இருப்பர். சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டங்களிலிருந்து அன்பர்கள் ஆண்டுதோறும் அம்மலைக்குத் திரளாகச் செல்கின்றனர். அம்மலையை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம், 1956ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்ட காலம் வரை, சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது மைசூரு மாவட்டத்துடன் இணைந்தது. 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. மலையின் பெயரை நாடெங்கும் பரப்பியது அங்குள்ள கோயில். ஆயின் மலைத்தொடரின் கிழக்கே பாயும் காவிரி, வேறொரு காரணத்தால் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றது. தூண்டில் பிடிப்போர் தேடிவரும் ஆறுகளுள் அது ஒன்றாக விளங்கியது.

அதற்குக் காரணம் மகசீர் என்னும் மீன். இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொம்மீன், பூமீன் கெண்டை என்னும் பெயர்களும் இதற்குத் தமிழில் உண்டு. கெண்டை என்றதும் விரலளவு மீன் நம் நினைவுக்கு வரும். ஆனால் காவிரியின் துணையாறாகிய கபினியில் 1946ஆம் ஆண்டு தூண்டிலில் அகப்பட்ட ஒரு மகசீரின் எடை 120 இராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோகிராம். அதனைப் பிடித்தவர் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர். இத்தகைய மீனை ஒரு கோலும் மெல்லிய நரம்பும் கொண்டு கரை சேர்ப்பது உடல் வலிமையால் மட்டும் ஆகும் செயலன்று. மீன் இருக்கும் இடத்தையும், அது இரை எடுக்கும் நேரத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க நாட்டில் பாஸ் என்னும் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பெரியதொரு பொழுதுபோக்கு. எந்த நீரில், எந்த வானிலையில், எந்த முறையைக் கையாள வேண்டும் என்று அங்கே விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். நம் நாட்டு ஆறுகளைப் பற்றியும் அத்தகைய ஆராய்ச்சி உண்டு. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்தியாவில் தூண்டில் பிடித்தல் பற்றி 1873ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். பாஸ் மீனுக்குச் சொல்லப்படும் அடிப்படைகள் நம் மீன்களுக்கும் பெரிதும் பொருந்துவன. ஓடும் நீருக்கு மகசீரையும் தேங்கிய நீருக்கு விராலையும் எடுத்துக்கொண்டு அவற்றை இவ்வுரையில் விளக்க முயல்வோம்.

தொடங்கும் முன்னரே ஒன்றைத் தெளிவாக்கிவிடல் நலம். மாதேஸ்வரன் மலைக் காடு 2013ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; அதன் பரப்பு 906 சதுர கிலோமீட்டர். அதனை அடுத்துள்ள காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இலேயே அமைந்தது. தமிழகக் கரையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள் 2022இல் காவிரித் தெற்கு வனவிலங்குச் சரணாலயமாயின. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இத்தகைய இடங்களில் மீனும் காக்கப்படும் உயிரே. பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்களி என்னும் காவிரித் துறைகளில் முன்பு நடைபெற்ற தூண்டில் முகாம்கள் 2012ஆம் ஆண்டையொட்டி நின்றுவிட்டன. ஆகவே மலைக்குச் செல்வோர் தூண்டிலை எடுத்துச் செல்லலாகாது. இங்கே கூறப்படும் முறைகள், உரிமச் சீட்டுப் பெற்றுத் தூண்டில் போடக்கூடிய நீர்நிலைகளுக்கு உரியவை. காவிரியை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம், அவ்வாறு நன்கு அறியப்பட்ட ஆறு தென்னாட்டில் வேறில்லை என்பதே.

மீனுக்கு வேண்டியவை மூன்று: இரை, மூச்சு விடப் பிராணவாயு, பகைக்கு மறைவிடம். இம்மூன்றும் குறைந்த உழைப்பில் எங்கே கிடைக்குமோ அங்கே மீன் நிற்கும். நீரின் தன்மையும் வானிலையும் மாறும்போது அவ்விடமும் மாறும். தூண்டில் கலையின் எல்லா முறைகளும் இந்த ஓர் உண்மையின் விரிவே ஆகும்.

முதலில் ஓடும் நீரைப் பார்ப்போம். மேகதாட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் இடையே காவிரி ஒரே சீராக ஓடுவதில்லை. பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும். அப்பாய்ச்சல் முடிந்ததும் ஆழமான மடுவில் அடங்கும். மடுவின் கடைப்பகுதியில் மீண்டும் ஆழம் குறைந்து அடுத்த பாய்ச்சலுக்கு விரையும். பாயும் நீரில் பிராணவாயு மிகுதி. நண்டும் பூச்சியும் நத்தையும் அங்கே ஏராளம். ஆனால் அந்த வேகத்தில் எப்போதும் எதிர்த்து நிற்பது மீனுக்கு வீண் உழைப்பு. ஆதலால் மகசீர் பாய்ச்சலுக்குள் நிற்பதைவிட, அதன் ஓரத்தில், வேகநீரும் அமைதிநீரும் உரசும் கோட்டில் நிற்பதையே விரும்பும். அங்கே உடலுக்கு ஓய்வு. இரையோ ஓட்டத்தில் தானே வந்து சேரும். நீரினுள் மூழ்கிய பெரும்பாறையின் பின்புறமும் இத்தகைய இடமே. நீர்ப்பரப்பில் எண்ணெய் தடவியதுபோல் வழவழப்பாகச் சுழலும் இடத்தைக் கண்டால், கீழே பாறை இருப்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மடுவின் நடுவாழம் மீனின் வீடு எனலாம். பகற்பொழுதில் பெரிய மீன்கள் அங்கே தங்கி, விடியலிலும் அந்தியிலும் மடுவின் தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் இரை தேடி வரும். ஆகவே காலையிலும் மாலையிலும் மடுவின் இரு முனைகளிலும், வெயில் ஏறிய பின் ஆழத்திலும் இரையை இறக்குவது முறை. கரையோர மரங்களை மறந்துவிடக் கூடாது. மகசீர் நீரில் உதிரும் பழங்களையும் உண்ணும். அத்திமரம் ஆற்றின் மேல் கவிந்திருக்கும் இடம், பழம் உதிரும் காலத்தில், மீனுக்குப் பந்திபோட்ட இடமாகும்.

காவிரித் தூண்டிற்காரர்களின் புகழ்பெற்ற இரை கேழ்வரகு உருண்டை. மாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டி, நீரில் வேகவைத்து, மீண்டும் பிசைந்து, எலுமிச்சையளவிலோ அதனினும் பெரிதாகவோ முள்ளின் மேல் பொதிவர். வேகவைப்பதில் ஒரு கருத்து உண்டு. மென்மையாக இருந்தால் சிறுமீன்கள் கொத்திக் கரைத்துவிடும். கெட்டியாகவும் பெரிதாகவும் இருந்தால் பெருமீன் வரும்வரை தாங்கும். மகசீருக்குத் தாடையில் பல் இல்லை; ஆயின் தொண்டையினுள் வலிமை மிக்க பற்கள் உண்டு. ஆற்றுநண்டின் ஓட்டையும் நத்தையின் கூட்டையும் அவற்றால் நொறுக்கித் தின்னும். ஆதலால் நண்டும் சிறந்த இரையாகும். நீர் தெளிந்து வேகமாக ஓடும் இடங்களில், சிறுமீன்போல் மின்னிச் சுழலும் உலோகத் தகட்டைத் தூண்டிலில் பூட்டி, ஓட்டத்திற்குக் குறுக்கே எறிந்து இழுப்பர். சுருங்கக் கூறின், ஆழ்ந்த அமைதிநீருக்கு உருண்டை, பாறையோரத்துக்கு நண்டு, தெளிந்த வேகநீருக்குத் தகடு.

பாறை மிகுந்த ஆற்றில் நரம்பு சிக்கிக்கொள்வது இயல்பு. இதற்காக ஈயக்குண்டைத் தலைமை நரம்பில் கட்டாமல், அதனினும் மெல்லிய கிளை நூலில் கட்டுவது வழக்கம். குண்டு பாறையிடுக்கில் மாட்டினால் கிளை நூல் மட்டும் அறுந்துபோகும். முள்ளில் பட்ட மகசீர் முதல் ஓட்டத்திலேயே நெடுந்தூரம் நரம்பை இழுத்துக்கொண்டு பாறைகளைச் சுற்றிவிடும். அப்போது கரையில் நின்று இழுப்பவரால் பயனில்லை. பரிசலில் ஏறி மீனைப் பின்தொடர்ந்து, பாறைக்குப் பாறை நரம்பை விடுவித்துச் செல்ல வேண்டும். எத்திசையிலும் திரும்பக்கூடிய வட்டப் பரிசல் இதற்கு மிகவும் ஏற்றது. எந்த மடுவில் எந்தப் பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைப் பரிசல்காரர் நன்கு அறிவர். தூண்டிற்காரர் பெற்ற புகழில் ஒரு பாதி அவர்களுக்கு உரியது.

இனித் தேங்கிய நீருக்கு வருவோம். மாதேஸ்வரன் மலையிலிருந்து கிழக்கே இறங்கும் பாலாறு காவிரியில் கலக்கிறது. இது வேலூர் வழியே ஓடும் பாலாறு அன்று. பெயர் ஒன்றாயினும் வேறான சிற்றாறு. அதற்குக் கீழே காவிரி வேகம் அடங்கி மேட்டூர் நீர்த்தேக்கமாக விரிகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிறைந்துள்ளபோது மலையடிவாரம்வரை பரந்து கிடக்கும் அந்நீரைக் காண்பவர், மீன் எங்கே இருக்கும் என்று திகைப்பது இயற்கை. வழி எளிது. நீர் தேங்குமுன் அந்நிலம் எவ்வாறு இருந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஆற்றுப்படுகை, ஓடைகள் அதனுடன் கலந்த முனைகள், மூழ்கிய மேடுகள், மரக்கட்டைகள் ஆகியனவே மீன் உலவும் இடங்கள். கோடையில் நீர் வற்றும்போது இவை வெளித்தெரியும். அப்போது குறித்து வைத்துக்கொண்டவர், நீர் நிறைந்த காலத்தில் இருட்டில் தேட வேண்டியதில்லை.

நீர்த்தேக்கத்தில் ஓட்டம் இல்லாமையால் காற்றே ஓட்டத்தின் வேலையைச் செய்கிறது. காற்று எக்கரையை நோக்கி வீசுகிறதோ அக்கரையில் நீரின் மேற்பரப்பும், அதில் மிதக்கும் நுண்ணுயிர்களும், அவற்றை உண்ணும் சிறுமீன்களும் ஒதுங்கும். பெருமீன் அவற்றைத் தொடர்ந்து வரும். அலை அடிப்பதால் பிராணவாயுவும் நீரில் கலக்கும். ஆகவே முகத்தில் காற்று மோதும் கரையில் நிற்பது எறிவதற்குத் துன்பம் தருமாயினும், மீனுக்கு அதுவே ஏற்ற கரை. தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று வலுக்கும் நாட்களில் கிழக்குக் கரையைத் தேர்வது இதனாலேயே.

ஏரியும் குளமும் இதனின்றும் வேறானவை. தாமரையும் அல்லியும் கோரையும் அடர்ந்த ஆழமற்ற நீரில் விரால் அரசாளும். அமெரிக்கப் பாஸ் மீனுக்கும் நம் விராலுக்கும் குலத் தொடர்பு இல்லையெனினும் பழக்கத்தில் ஒற்றுமை மிகுதி. இரண்டும் செடிமறைவில் அசையாது பதுங்கியிருந்து, அருகில் வரும் இரையைப் பாய்ந்து பற்றும். ஆதலால் முறையும் ஒன்றே. தவளையையோ, தவளை வடிவில் செய்த பொய்யிரையையோ இலைகளின் மேல் எறிந்து, சிறிது நிறுத்தி, மெல்ல இழுத்து, மீண்டும் நிறுத்த வேண்டும். இலைப்பரப்பு முடிந்து தெளிநீர் தொடங்கும் விளிம்பே விரால் பாயும் இடம்.

விராலுக்கு மற்றொரு தனித்தன்மை உண்டு. அது செவுளால் மட்டுமன்றி, நீர்மட்டத்துக்கு வந்து காற்றையும் நேரே உட்கொண்டு மூச்சு விடும். கோடையில் குளத்து நீர் சூடேறிப் பிராணவாயு குன்றும்போது பிற மீன்கள் சோர்ந்துவிடும், விரால் சோர்வதில்லை. அது மூச்செடுக்க மேலே வரும் சிறு சலனத்தைக் கவனித்து அவ்விடத்தில் இரையை எறிவர். ஆனால் நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மொய்ப்பதைக் கண்டால், அங்கே தூண்டிலைப் போடாமல் விலகுவது அறம். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். குஞ்சை நெருங்கும் எதனையும் அவை தாக்கும் என்பதால் பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

இதுவரை நீரைப் பற்றிக் கூறினோம். வானிலையைப் பற்றி இனிக் காண்போம். வெப்பம் முதலிடம் பெறுகிறது. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 பாகை செண்டிகிரேடில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கலாம். 30 பாகையில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனின் தேவையோ வெப்பத்துடன் கூடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றுமீன்கள் பாய்ச்சல் வந்து விழும் மடுவின் தலைக்கும், நிழல் படிந்த ஆழத்துக்கும் செல்வது இதனால்தான். அப்போது தூண்டில் போடும் நேரம் விடியற்காலையும் பொழுது சாய்ந்த பின்னும் ஆகும். நண்பகலில் கரையில் அமர்ந்திருப்பவர் மீனையும் பெறார், தலைவலியையே பெறுவார்.

மேகமூட்டமான நாள் தூண்டிற்காரருக்கு நல்ல நாள். வெளிச்சம் தணிவதால் மீனுக்கு அச்சம் குறைகிறது. ஆழத்தை விட்டு ஓரநீருக்கு வருகிறது. மெல்லிய தூறல் நீர்ப்பரப்பைக் கலைத்து, கரையில் நிற்பவரின் உருவத்தையும் மறைக்கிறது. தெளிந்த வானமும் அசையாத நீரும் கூடிய நாளில் நரம்பு மெல்லியதாகவும், எறியும் தூரம் நெடியதாகவும், இரை சிறியதாகவும் இருத்தல் வேண்டும். மேகம் மூடிய நாளில் இவற்றில் சற்றுத் தளர்ச்சி இருக்கலாம். இடி முழங்கினால் மட்டும் ஐயத்திற்கு இடமின்றிக் கோலைக் கீழே வைத்துக் கரையேற வேண்டும். இக்காலத்துக் கரியிழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்துவன.

மழையைப் பற்றிக் கூறும்போது ஒரு நுட்பத்தை நினைவில் கொள்ள வேண்டும். ஆற்றுக்கு வானிலை நம் தலைக்கு மேல் மட்டும் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதேஸ்வரன் மலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நாளிலும், குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை காவிரியில் செந்நீராகப் பெருகி வரும். அக்டோபர், நவம்பர் மாதங்களிலோ நிலைமை மாறும். வடகிழக்குப் பருவமழை இம்மலைகளில் பெய்து பாலாறு போன்ற ஓடைகள் கலங்கும். காவிரியின் மேற்பகுதி நீர் தெளிந்தே வரலாம். அப்போது கலங்கிய ஓடையும் தெளிந்த ஆறும் கூடும் இடத்தில் இரு நிறங்களுக்கு நடுவே ஒரு கோடு தெரியும். ஓடை அடித்துவரும் புழுவையும் பூச்சியையும் எதிர்பார்த்து மீன்கள் அக்கோட்டின் தெளிந்த பக்கத்தில் காத்திருக்கும்.

நீரின் நிறமே முறையைத் தீர்மானிக்கும். செந்நீர் பெருக்கெடுத்த நாளில் மீன் இரையைக் காணாது. தூண்டில் போடுவதும் அறிவுடைமை ஆகாது. வெள்ளம் வடிந்து, தேயிலை நீர்போல் சிறிது மங்கலாக உள்ளபோது, மணமுள்ள உருண்டையும் மண்புழுவும் பயன் தரும். மீன் அப்போது கண்ணைவிட மோப்பத்தையே நம்பும். நீர் முற்றும் தெளிந்தபின் மின்னும் தகட்டுக்கு முறை வரும். காவிரித் தூண்டில் முகாம்கள் வெள்ளம் வடிந்த மாதங்களிலேயே நடைபெற்றமைக்கு இதுவே காரணம். நீர் பெருகும் மாதங்களோ மீன் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் காலம். அப்போது அதனை விட்டுவிடுவதே முறையுமாகும்.

மேலே அணையோ மின்நிலையமோ உள்ள ஆற்றில் வானிலையோடு மனிதன் செய்யும் மாற்றமும் சேரும். 1902 முதல் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுக்கப்படுகிறது. மேலணைகளிலிருந்து விடப்படும் நீரின் அளவு மாறும்போது கீழே நீர்மட்டமும் ஏறி இறங்கும். கரையில் ஈரமான ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு அடிக்கடி அதனைப் பார்ப்பது நல்ல பழக்கம். கல் மூழ்கத் தொடங்கினால் நடுப்பாறையில் நிற்பவர் உடனே கரைக்குத் திரும்ப வேண்டும். காவிரியில் முதலைகளும் உண்டு; நீர் அருந்த வரும் யானைகளும் உண்டு. இதனையும் மறக்கலாகாது.

மீனை அணுகும் முறை பற்றிச் சில சொற்கள். நீரினுள்ளிருந்து மேலே நோக்கும் மீனுக்கு வெளியுலகம் 97 பாகை அளவுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே தெரிகிறது. குனிந்து தாழ்ந்திருப்பவர் அச்சாளரத்தின் விளிம்பில் நசுங்கிய சிற்றுருவாகவே தோன்றுவார்; நிமிர்ந்து நிற்பவர் உடனே கண்ணில் படுவார். அன்றியும் கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குக் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புகள் உள்ளன. ஆகவே அவை கூர்மையாகக் கேட்கும். பாறைமேல் செருப்பு உரசும் அதிர்ச்சி அவற்றுக்கு எச்சரிக்கை மணி. பேச்சைவிட நடையே மீனை மிரட்டும் என்பதை அறிந்து மெல்ல அடி வைக்க வேண்டும்.

பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விடுவதும் ஒரு தனிப் பயிற்சி. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரை நசுக்கிவிட்டால் முள் எளிதில் கழலும். மீனை நீரைவிட்டு வெளியே தூக்காமல், ஈரக்கையால் மட்டுமே தொட வேண்டும். உலர்ந்த கை அதன் உடல்மேல் உள்ள காப்புக் கொழுப்பசையை அகற்றிவிடும். பின்னர் அதனை நிமிர்த்தி, தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி பிடித்து, தானாக வாலடித்துச் செல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். வெப்பம் மிகுந்த நாளில் களைத்த மீன் மீள நெடுநேரமாகும். அத்தகைய நாளில் தூண்டிலையே தவிர்ப்பது சிறப்பு.

இவ்வளவு நுட்பமும் எந்த மீனைச் சுற்றி வளர்ந்ததோ, அந்த மீனின் இன்றைய நிலை கவலை தருவது. காவிரியின் பெருமகசீர் முதுகில் திமில் உடையது. அதனால் திமில் மகசீர் எனப்பட்டது. காவிரியையும் அதன் துணையாறுகளையும் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. நூறாண்டுக்கு மேலாகத் தூண்டிற்காரர் அதனைப் பிடித்துப் புகழ் பெற்றனர். ஆயினும் அதன் அறிவியற்பெயர் 2018ஆம் ஆண்டுதான் உறுதியாயிற்று. கேரளத்துப் பாம்பாற்றில் கண்டு, இந்திய விலங்கியல் ஆய்வகத்து அறிஞர் ரெமாதேவியின் பெயரால் முன்பே குறிக்கப்பட்டிருந்த இனமே இது என்று ஆய்வாளர் காட்டினர். பாம்பாறு தமிழகத்தில் இறங்கி அமராவதியுடன் சேர்ந்து காவிரியை அடைவது நேயர்கள் அறிந்ததே. பெயர் கிடைத்த அதே ஆண்டில், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள உயிராகவும் அது இடம்பெற்றது.

காரணங்கள் பல. அணைகள் முட்டையிட ஏறும் வழியை அடைத்தன. வெடி வைத்து மீன் பிடிப்போர் பெருமீனையும் குஞ்சையும் ஒருங்கே அழித்தனர். நீர் குறைந்தது, மணல் அள்ளப்பட்டது. இவற்றோடு நன்மை கருதிச் செய்த ஒரு செயலும் சேர்ந்தது. மராட்டிய மாநிலத்து லோனாவ்லாவில் வளர்க்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. மகசீர் பெருகும் என்பதே நோக்கம். மகசீர் பெருகவும் செய்தது. ஆனால் பெருகியது வந்த இனம், குறைந்தது காவிரியின் சொந்த இனம்.

இதனை உலகம் அறிந்தது எவ்வாறு? கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் எழுதிவைத்த பதிவேடுகளே சான்றாயின. இருபதாயிரம் மணிக்கு மேற்பட்ட தூண்டில் நேரமும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களும் அவற்றில் குறிக்கப்பட்டிருந்தன. எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன மீன், என்ன எடை என்று அவர்கள் பொறுமையாகக் குறித்தவற்றை ஆய்வாளர் ஆராய்ந்தபோது, ஓர் இனம் ஏறுவதும் மற்றோர் இனம் தேய்வதும் கணக்கில் தெளிவாகத் தெரிந்தன. நீரையும் வானிலையையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் மீனைப் பிடிக்கத் தோன்றியது. முடிவில் அது மீனுக்காகச் சாட்சி சொல்லவும் உதவிற்று. தமிழகத்து மோயாற்றில் இன்றும் திமில் மகசீர் வாழ்கிறது என்பது ஆறுதல் தரும் செய்தி.

நேயர்கள் இன்று பெங்களூரிலோ, மும்பையிலோ, தில்லியிலோ வாழலாம். அங்கங்கே ஆறும் ஏரியும் உண்டு. அவற்றுக்கு உரிய மீன்களும் உண்டு. இமயத்தின் அடிவார ஆறுகளில் பொன்னிற மகசீர் வாழ்கிறது. தூண்டில் போட விரும்புவோர் முதலில் அம்மாநில மீன்வளத் துறையிடம் விதிகளையும் உரிமத்தையும் கேட்டறிய வேண்டும். பின்னர் ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக்கொள்ளலாம். நாள், நேரம், வானம், காற்று, நீரின் நிறம், அகப்பட்ட மீன், அகப்படாத மணிகள் ஆகிய அனைத்தையும் அதில் எழுதி வரலாம். வெறுங்கையோடு திரும்பிய நாளும் எழுதத் தக்கதே. அதுவும் அந்த நீரைப் பற்றிய செய்தியாகும். பிறர் வளர்த்த குஞ்சுகளை எந்த நீரிலும் தாமாக விடாதிருப்பது கட்டாயம்.

அடுத்த முறை மாதேஸ்வரன் மலைக்கு வரும்போது, பாலாறு காவிரியைச் சேரும் இடத்தில் சிறிது நின்று பாருங்கள். நீர் எங்கே விரைகிறது, எங்கே அடங்குகிறது, இரு நிறங்கள் எங்கே கூடுகின்றன என்று கவனியுங்கள். உடன் வரும் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். கோல் இன்றியும் இக்கலையைப் பயிலலாம். அந்த ஆற்றுக்கு இன்று வேண்டியதும் அதுவே.